பாட்டுப் பாடும் போனும் காது வலிக்கும் ஊரும்

காலனிப் பையன் பஸ்ஸில் செல்போனில் பாட்டுப் போட்டால் அதற்குப் பெயர் திமிர். அதே பஸ்ஸில் டிரைவர் விழுப்புரத்தில் தொடங்கித் திண்டிவனம் வரை ஸ்பீக்கரை அலறவிட்டால் அதற்குப் பெயர் பாட்டு பஸ். ஊர்க்கோயிலில் ஆடி மாதம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியற்காலையில் எழுப்பிவிட்டால் அது பக்தி. காலனிக் கல்யாணத்தில் ராத்திரி எட்டு மணிக்கு பாக்ஸ் வைத்தால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. சத்தம் எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான். பாட்டுப் போட்டவன் எந்தத் தெருக்காரன் என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள்.

நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது, இத்தனையையும் விட்டுவிட்டு செல்போன் பாட்டைப் பற்றியா எழுதுவது என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. சில்லறை விஷயம் என்கிறார்கள். சில்லறைத் தகராறு என்று சொல்லப்பட்டவை எங்கே போய் முடிந்தன என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். 1978 ஜூலையில் விழுப்புரம் கடைத்தெருவில் கிளம்பிய தகராறு 12 தலித்துகளின் கொலையில் முடிந்தது. சாதி எப்போதும் பெரிய விஷயத்தில் ஆரம்பிப்பதில்லை. செருப்பில் ஆரம்பிக்கிறது, மடித்துக் கட்டாத வேட்டியில் ஆரம்பிக்கிறது, சைக்கிளை விட்டு இறங்காததில் ஆரம்பிக்கிறது. இப்போது செல்போனில் ஆரம்பிக்கிறது.

எங்கள் தெருக்களுக்கு இந்தப் பாட்டுப் பாடும் போன் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் வந்தது சைனா செட். பின்பக்கம் பெரிய ஸ்பீக்கர், உள்ளே ஒரு மெமரி கார்டு. பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற ரீசார்ஜ் கடையில் இருபதோ முப்பதோ கொடுத்தால் கார்டு நிறைய பாட்டு ஏற்றித் தருவார்கள். பிளாட்பாரத்தில் வாங்கிய ஹெட்செட் ஒரு மாதத்தில் ஒரு காது செத்துவிடும். மிச்சமிருக்கிற ஒரு காதை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்போம். நடவு நடுகிற எங்கள் பெண்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டோடு வரிசை பிடித்தார்கள். கரும்பு வெட்டப் போனவர்களும், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கட்டட வேலைக்குப் போனவர்களும் சம்பளத்தில் முதலில் வாங்கியது அதைத்தான். கரண்ட் இல்லாத இருளர் குடிசைகளில் இருந்தவர்கள் சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்கள். இன்று டச் போன், ப்ளூடூத் ஸ்பீக்கர், பின்னால் அம்பேத்கர் படம் போட்ட கவர் என்று காலம் மாறியிருக்கிறது. எதுவும் யாரும் தானம் கொடுத்ததில்லை. ஒவ்வொன்றும் கூலிக் காசு, பல வீடுகளில் தவணைக் காசு.

இசை எங்களுக்குப் புதிதில்லை. இந்த ஊருக்கே இசை செய்து கொடுத்தவர்கள் நாங்கள். சாவு விழுந்தால் பறை, சாமி புறப்பட்டால் பறை, தண்டோரா போடப் பறை. அடிக்கச் சொல்லும்போது அடிக்க வேண்டும், நிறுத்தச் சொல்லும்போது நிறுத்த வேண்டும், கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கையிலிருந்து வந்த இசைக்கு ஊர் முதலாளியாக இருந்தது. எங்களுக்காக நாங்கள் வைத்துக்கொள்ளும் இசைதான் அதற்குப் பிடிக்காமல் போனது.

இது நாங்கள் ஊகித்துச் சொல்வதல்ல, எழுத்தில் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது, முடி வெட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அப்படியும் அடங்கவில்லை என்று 1931 ஜூனில் கூடித் தடைகளைப் பதினொன்றாக எழுதினார்கள். பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் முதலிய இசை வைக்கக்கூடாது என்பது இன்னொன்று. அப்போதைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். படிப்பையும் இசையையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள் என்பதை கவனியுங்கள். சந்தோஷமாக இருக்கிறவனை அடிமையாக வைத்திருப்பது கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அறுபது வருடம் கழித்து 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடிப் பக்கம் கொடியங்குளத்தில் சுமார் 600 போலீஸார் நுழைந்தார்கள். அவர்கள் அடித்து நொறுக்கியவற்றில் மின்விசிறி இருந்தது, டிவி இருந்தது, தையல் மெஷின் இருந்தது, டேப் ரெக்கார்டரும் இருந்தது. டேப் ரெக்கார்டர் என்ன ஆயுதமா? வெளிநாட்டில் சம்பாதித்து ஒரு தலித் வீடு நிமிர்ந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் உடைத்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம் காலனி உள்பட மூன்று காலனிகள் எரிந்தபோதும் கூரை மட்டும் எரியவில்லை. வண்டியும் டிவியும் பீரோவும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன.

அதே ஆண்டின் கடைசியில்தான் அந்தப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பும் வந்தது. திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் வசிக்கும் பாமக நிறுவனர் மருத்துவர் ராமதாஸ், எங்கள் இளைஞர்கள் ஜீன்ஸ், டீ ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். திண்டிவனம் டீக்கடைகள் அந்தப் பட்டியலில் செல்போனைத் தாமாகவே சேர்த்துக்கொண்டன. 'பாட்டு அனுப்பியே கவுத்துடறானுங்க' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம். இதில் ஒரு பெண் தன் மனதால் ஒருவனைத் தேர்ந்தெடுப்பாள் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. அவளுக்குப் புத்தி கிடையாது, ஒரு கூலிங் கிளாஸுக்கும் ஒரு ரிங்டோனுக்கும் விழுந்துவிடுவாள் என்று சொல்கிறவர்கள் முதலில் அவமானப்படுத்துவது எங்களை அல்ல, தங்கள் வீட்டுப் பெண்களைத்தான்.

இந்த பயம் திண்டிவனத்தோடு நிற்கவில்லை. 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் தாக்கூர் சமூகத்தினர் கூடி, 12 கிராமங்களில் மணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தால் அபராதம் என்பதும் அதே கூட்டத்தின் முடிவு. செல்போனுக்கும் அகமண முறைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சாதியின் வேர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916-லேயே சொன்னார். அந்த வேரின் மேல் கை வைக்கிற கருவி எது என்று சாதிக்கு நன்றாகவே தெரிகிறது.

ரிங்டோனுக்காகவே ஒரு உயிர் போயிருக்கிறது. 2015 மே மாதம் மகாராஷ்டிராவின் ஷீரடியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞர் கடையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் அடித்தது. ரிங்டோன் அம்பேத்கர் பாட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் அணைக்கச் சொன்னார்கள், தகராறு செய்தார்கள், அடித்தார்கள், இழுத்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். ஒரு போன் அடித்து ஓய்வதற்கு அரை நிமிடம் ஆகுமா? அரை நிமிட அம்பேத்கரைக்கூட தாங்க முடியாத காதுகளோடுதான் நாங்கள் ஒரே நாட்டில் வாழ்கிறோம்.

சரி, இந்த போன்களைச் செய்தது யார்? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது, 2014 நவம்பரில் மூடப்பட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் பஸ் ஏறிப்போய் ஷிப்டு பார்த்தார்கள். அதே ஊரில் ஐபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் 2021 டிசம்பரில் சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனதுதான் காரணம். எங்கள் தெருப் பெண்களும் அந்த ஷிப்டுகளில் இருந்திருக்கிறார்கள். உலகத்துக்கே போன் செய்து கொடுக்க எங்கள் கை வேண்டும். அந்த போனை எங்கள் கையில் பார்த்தால் மட்டும் 'இவனுக்கு எதுக்குடா இது' என்று கேள்வி வரும்.

பொது இடத்தில் சத்தமாகப் பாட்டுப் போடுவது தொந்தரவுதானே என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: ஆமாம், தொந்தரவுதான். நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிற பஸ்ஸில் யார் போட்டாலும் தொந்தரவுதான். ஹெட்செட் அதற்காகத்தான் இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000-லிருந்து இருக்கின்றன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்று அவை சொல்கின்றன. அந்த விதியை எல்லாத் தெருவுக்கும் போடுங்கள், நாங்கள் முதல் ஆளாகக் கீழ்ப்படிகிறோம். ஆனால் நடப்பது என்ன? ஊரிலிருந்து காலனிக்கு வருகிற சத்தத்துக்கு அளவே இல்லை, காலனியிலிருந்து ஊருக்குப் போகிற சத்தம் மட்டும் குற்றம். விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததற்காக எங்கள் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. கோயில் குழாய் ஸ்பீக்கரின் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வரலாம், நாங்கள் அந்தக் கோயிலுக்குள் போகக்கூடாது என்றார்கள். இந்த ஒருவழிப்பாதைக்குப் பெயர் அமைதியா?

காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை. டீக்கடையில் நல்ல போனோடு நிற்கிற ஊர்ப் பையனிடம் யாரும் பில் கேட்பதில்லை. எங்கள் பையன் என்றால் 'எங்கே அடிச்சே' என்ற கேள்வி வருகிறது. இருளர் பையன் என்றால் கேள்வியே இல்லாமல் வண்டியில் ஏற்றுகிறார்கள். திண்டிவனத்தைச் சுற்றி இருளர்கள் மீது பொய்த் திருட்டு வழக்குகள் போடப்பட்ட வரலாறு சின்னதல்ல. விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி, திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. எங்கள் ஆளையே தேர்ந்தெடுத்து அனுப்புகிற மண்ணில் எங்கள் பாக்கெட்டில் இருக்கிற போனுக்கு நாங்கள் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி நம் தோழர்களுக்கு. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவும், செருப்பு, புத்தாடை அணியவும், கல்யாண ஊர்வலம் போகவும் தடுத்தால் குற்றம் என்று அது பெயர் சொல்லியே பட்டியல் போட்டிருக்கிறது. செல்போன் அந்தப் பட்டியலில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நாம் மதிக்கும் மறைந்த தலைவரை வார்த்தையாலோ வேறு எந்த வகையிலோ அவமதித்தால் 3(1) பிரிவின் கீழ் குற்றம். நாம் மதிக்கும் சிலையை, படத்தைச் சேதப்படுத்தினாலும் குற்றம். அம்பேத்கர் பாட்டைக் கேட்டு அவரை இழிவாகத் திட்டுவதும், அவர் படம் போட்ட கவரைப் பிடுங்கிக் கிழிப்பதும் இதற்குள் வரும். 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. 'பாட்டு சத்தத்துக்கு நடந்த சின்னத் தகராறு, பேசி முடிச்சுக்கோங்க' என்று நிலையத்தில் சொன்னால் எழுந்து வராதீர்கள். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள். போன் வாங்கினால் பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். அது தலைகுனிந்து காட்டுவதற்கு அல்ல, வழக்குப் போடுவதற்கு.

கடைசியாக ஒன்று. ஊர் நம்மிடம் 'உனக்கு எதுக்குடா போன்' என்று கேட்கும்போது கொதிக்கிற நாம், நம் வீட்டுப் பெண்ணிடம் 'உனக்கு எதுக்கு போன், யார்கிட்ட பேசுற, என்ன பாட்டு கேக்குற' என்று கேட்கக்கூடாது. கேட்டால் பனாஸ்காண்டா பஞ்சாயத்தும் நம் வீட்டுத் திண்ணையும் ஒன்றுதான். அவள் நடவுக்காசில் வாங்கிய ஹெட்செட்டில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பதை அவள் முடிவு செய்யட்டும். அண்ணனும் அப்பாவும் அந்த ஒயரை இழுக்க வேண்டாம்.

ஊருக்குச் சாவுமேளம் அடித்துக் கொடுத்தே தேய்ந்த கைகள் எங்களுடையவை. அந்தக் கைகள் இப்போது தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தாங்களே தேடி எடுக்கின்றன. எங்கள் பாட்டை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று இனி நாங்கள் முடிவு செய்வோம். பொதுச் சட்டம் எதைச் சொன்னாலும் கேட்போம், அது உங்கள் தெருவுக்கும் பொருந்தும் என்றால். சாதி சொல்வதைக் கேட்கிற காது எங்களிடம் இல்லை.