பழசுக்கு என்ன விலை?

நியூஜெர்சியிலிருந்து நண்பன் போன் செய்தான். "மாப்ளே, பழைய விக்ட்ரோலா கிராமபோன் அலமாரி ஒண்ணு சிக்கியிருக்கு. நூறு வருஷத்துப் பழசு. வித்தா காரே வாங்கலாம்டா!"

பி.காம். படித்த பாவம், நான் சும்மா இருப்பேனா? "பழசுக்கு விலை இல்லடா, அபூர்வத்துக்குத்தான் விலை!"

1906-ல் விக்டர் கம்பெனி, குழாயைப் பெட்டிக்குள் ஒளித்து 200 டாலருக்கு விற்றது. ஆரம்ப காலப் பெட்டிகளைச் செய்தது பிலடெல்பியாவின் பூலி மரச்சாமான் கம்பெனி. சேகரிப்பவர்கள் அலைவது அதற்குத்தான். பின்னால் வந்தவை லட்சக்கணக்கில், சல்லிசாகவே கிடைக்கும்.

"அசல் வார்னிஷ் இருந்தாதான் மதிப்பு. தேய்ச்சுடாதே!"

எதிர்முனையில் மௌனம். "நேத்துதான் மாப்ளே... வெள்ளை பெயிண்ட் அடிச்சேன்."

"சரி, பாடுதா?"

"பாடுது. பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டுட்டு அழுதுட்டாங்க."

"அப்ப விக்காதே. லாபம் வந்தாச்சு!"