பயிற்சி தர வர்றவரை முதல்ல பரீட்சை பண்ணுங்க!

"கூச்சத்தை விரட்டுங்கள்! தலைவிதியை மாற்றுங்கள்! ஒரு நாள் பயிற்சி 99 ரூபாய்தான்!"

இப்படி நோட்டீஸ் இல்லாத மின்கம்பம் சென்னையில் அபூர்வம். மின்கம்பம் விட்டாலும் செல்போன் விடுவதில்லை. மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற குமாஸ்தாவின் கையிலும் அதே விளம்பரம்தான் மின்னுகிறது. கோட்டு போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். பெயருக்குக் கீழே "லைப் கோச்". அதாவது வாழ்க்கைப் பயிற்சியாளர்.

பயிற்சியே வீண் என்று சொல்வதற்கில்லை. பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கடன் கேட்கிற வாடிக்கையாளரிடம் "இல்லை" என்று சொல்லத் தெரியாமலே கடையை மூடியவர்கள் உண்டு. 1912-ல் நியூயார்க்கில் டேல் கார்னகி, ஒய்.எம்.சி.ஏ. மாலை வகுப்பில் மேடைப் பேச்சு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்க நடக்கிற பல வகுப்புகளுக்கு அதுதான் முன்னோடி.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். இட்லிக் கடை போட உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அடுத்தவன் வாழ்க்கையைத் திருத்த மட்டும் இந்தியாவில் எந்த லைசென்சும் வேண்டாம். காலையில் போர்டு மாட்டினால் மாலையில் பயிற்சியாளர்!

விசாரிக்காததால் வந்த வினை

2024 ஆகஸ்டு மாதம் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் பள்ளியில் நடந்தது மறந்திருக்காது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று மேடை ஏறியவர், ஊனத்துக்கும் வறுமைக்கும் முற்பிறவிப் பாவமே காரணம் என்கிற தோரணையில் மாணவிகளிடம் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து தட்டிக் கேட்டார். அவரிடமே பேச்சாளர் மல்லுக்கு நின்றார். வீடியோ வெளியானதும் ஊரே கொதித்தது. செப்டம்பர் 7-ந் தேதி பேச்சாளர் கைதானார். கூப்பிட்டவர்கள் ஒரு வாரம் முன்னால் அவருடைய பழைய பேச்சு இரண்டைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை.

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. பேரிடர் மீட்புப் பயிற்சி என்று மாணவி ஒருத்தியை மாடியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் தயங்கினாள். பின்னாலிருந்து தள்ளிவிட்டார் பயிற்சியாளர். மாணவி செத்தே போனாள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டவர் அவர். எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆணையம் கைவிரித்தது.

வெளிநாட்டுச் சரக்கு என்றால் உசத்தி என்பதும் பொய். 2009 அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற பிரபல தன்னம்பிக்கை குரு, தலைக்கு 9 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, நெருப்புபோலக் கொதிக்கிற கூடாரத்துக்குள் ஆட்களை உட்கார வைத்தார். மூன்று பேர் பலி. 2011-ல் குருவுக்கு இரண்டு வருட சிறை.

கேட்க வேண்டிய கேள்வி

சேருகிறவர் முதலில் கேட்க வேண்டியது: "சார், நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" இதற்கு நேரான பதில் வரவேண்டும். "அனுபவமே என் ஆசான்" என்று வசனம் வந்தால் எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு மூன்று படிகளில் சான்றிதழ் தருகிறது. முதல் படிக்கு 100 மணி நேரம் பயிற்சி கொடுத்த அனுபவம் வேண்டும். இரண்டாம் படிக்கு 500. மூன்றாம் படிக்கு 2,500. இது அரசாங்க முத்திரை அல்ல, தனியார் அமைப்புதான். ஆனாலும் பெயரைச் சொன்னால் அந்த அமைப்பின் பட்டியலில் தேடிப் பார்த்துவிடலாம். சுவரில் மாட்டிய பிரேமைவிட அது மேல்.

பல பயிற்சியாளர்கள் முதல் சந்திப்புக்குக் காசு வாங்குவதில்லை. அந்த அரை மணி நேரத்தில் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். யார் அதிகம் பேசினார்? நல்ல கோச் பேசுவது கம்மி, கேட்பது ஜாஸ்தி. எதிரில் இருப்பவர் வாயிலிருந்தே வழியை வரவழைப்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். தன் கார், தன் பங்களா, தன் பாரின் டூர் என்றே பேசுகிறவர் விற்க வந்தவர்.

99 ரூபாய்க் கூட்டத்தின் கதையும் பலர் அறிந்ததே. பாட்டு, கைதட்டல், கொஞ்சம் கண்ணீர். கடைசி அரை மணியில் "அடுத்த கட்டம் 50 ஆயிரம், இன்று மட்டும் 25 ஆயிரம்" என்பார்கள். கையில் இல்லையா? அங்கேயே தவணைக் கடனுக்கு ஆள் நிற்பார். கடன் கொடுத்தவர் வேறு, வகுப்பு நடத்துகிறவர் வேறு. வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. அன்றைக்கே பணம் கட்டு என்று நெருக்குகிறவரிடம் ஒரு பைசாகூடக் கட்டக்கூடாது.

"மூணு பேரைச் சேர்த்து விடுங்க, கட்டின காசு திரும்பிடும்" என்றால் அது பயிற்சியே அல்ல, சங்கிலி வியாபாரம். ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-லேயே சட்டம் தடை செய்துவிட்டது.

பேசத்தான் பயம், வேறு குறை இல்லை என்கிறவர் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதும் இல்லை. 1924-ல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளைகள் இருக்கின்றன. ஒருவர் பேச, மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். வாரக்கணக்கில் பேசிப் பேசியே பயம் தெளிகிறது.

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர்மேல் வெறுப்பு என்கிற நிலைமை வேறு. அது கோச் வேலை இல்லை, டாக்டர் வேலை. அரசின் டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது. "மாத்திரையை நிறுத்துங்க, நான் பார்த்துக்கிறேன்" என்கிற பயிற்சியாளர் ஆபத்தான ஆசாமி.

காசு கட்டினால் பில் வாங்க வேண்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எத்தனை வகுப்பு, எத்தனை மணி நேரம், நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஏமாந்தால் முதலில் 1915-க்குப் போன் போடலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். பயிற்சியாளர் மும்பையில் இருந்தாலும் புகார்தாரர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டின பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை.