விபசாரி, அழகி, பாலியல் தொழிலாளி: எந்தச் சொல் சரி?

‘லாட்ஜில் விபசாரம்: 3 அழகிகள் மீட்பு’. இப்படி ஒரு தலைப்பைப் பார்க்காத தமிழ் வாசகர் அநேகமாக இருக்க மாட்டார். ‘அழகின்னு போட்டா என்ன தப்பு, கௌரவமாத்தானே இருக்கு?’ என்று கேட்கலாம். அதே அறையில் பிடிபட்ட ஆணை யாரும் ‘அழகன்’ என்று எழுதுவதில்லையே!

‘விபசாரம்’ வடமொழிச் சொல். நெறி பிறழ்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆக, அந்தப் பெண் யார், எப்படி அங்கே வந்தார் என்பது தெரியும் முன்பே ‘விபசாரி’ என்ற சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ‘தேவரடியார்’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் தொண்டு செய்த பெண்களைக் குறித்த மரியாதையான பெயர், இன்று தெருச் சண்டையில் வந்து விழும் வசவு.

இதற்கு மாற்றாக வந்தது ‘பாலியல் தொழிலாளி’. அமெரிக்காவில் இத்தொழிலில் இருந்த கரோல் லீ, 1970களின் கடைசியில் உருவாக்கிய ஆங்கிலச் சொல்லை ஒட்டியது. இது ஆளை எடை போடாது. செய்யும் வேலையை மட்டும் சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது? விடுதி நடத்துவதும் பொது இடத்தில் ஆள் அழைப்பதும் குற்றம். ஆனால், வயது வந்த ஒருவர் சொந்த விருப்பத்தில் இத்தொழிலில் ஈடுபடுவது மட்டுமே குற்றமாகாது. அவர்களையும் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், சோதனையின்போது ஊடகங்கள் அவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது.

அப்படியானால் எல்லோரையும் ‘பாலியல் தொழிலாளி’ என்று எழுதிவிடலாமா? அங்கேதான் சிக்கல். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, பழைய சொல்லுக்குப் பதில் இதைத்தான் பரிந்துரைத்தது. கடத்தப்பட்டு, மிரட்டப்பட்டு வந்தவருக்கு இது ‘தொழில்’ ஆகுமா என்று கடத்தலுக்கு எதிரான அமைப்புகள் கேட்டன. அதே ஆண்டு நவம்பரில் கையேடு திருத்தப்பட்டது. கடத்தலில் இருந்து மீண்டவர், வணிகரீதியான பாலியல் செயலில் ஈடுபடும் பெண், அதற்குக் கட்டாயப்படுத்தப்பட்ட பெண் என நிலைமைக்கு ஏற்ற சொற்கள் வந்தன.

விருப்பத்தோடு இத்தொழில் செய்பவர் பாலியல் தொழிலாளி. கட்டாயப்படுத்தப்பட்டவர் பாதிக்கப்பட்டவர். சிறுமி என்றால் எந்த நிலையிலும் தொழிலாளி அல்ல. எதுவென்று தெரியாதபோது? ‘3 பெண்கள் மீட்பு’ என்று எழுதினால் போதும். செய்தியில் எதுவும் குறைந்துவிடாது.