மாமாவோட பத்மினி: பழைய காரைக் குடும்பக் காராக்கலாமா? என் 11 மாசக் கணக்கு



"ப்ரோ, எட்டு லட்சம் லோன் போட்டு புதுக் கார் வாங்குறதுக்குப் பதிலா, ஒன்றரை லட்சத்துக்கு ஒரு பழைய பத்மினியோ அம்பாசிடரோ வாங்கினா என்ன? இஎம்ஐ இல்ல, வட்டி இல்ல, பார்க்கவும் கெத்தா இருக்கும்."

இந்தக் கேள்வி அடிக்கடி வருது. கேட்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்க. கல்யாணம் ஆகியிருக்கும், ஒரு குழந்தை இருக்கும் இல்ல வரப்போகுது. பைக் போதாதுன்னு தெரிஞ்சிடுச்சு, ஆனா ஏழு வருஷக் கடன்னா பயமா இருக்கு.

நான் இதுக்குப் பதில் சொல்லாம தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். காரணம், அந்தத் தப்பை நானே பண்ணியிருக்கேன். 11 மாசம். கையில நோட்டுப் போட்டுக் கணக்கு வெச்சிருக்கேன். இன்னைக்கு அதைத் திறந்து காட்டுறேன்.

மாமா சொன்னதுல தப்பே இல்ல

எங்க மாமா வீடு அரியாங்குப்பத்துல. அவர்கிட்ட 1984 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு இருந்தது. என் அம்மாவை அழைச்சிக்கிட்டு பிரசவத்துக்குப் போனது அந்தக் கார்லதான். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கு நாங்க ஏழு பேர் அடைச்சிக்கிட்டுப் போனதும் அதுலதான்.

எனக்குப் பொண்ணு பிறந்ததும் கார் பார்க்க ஆரம்பிச்சேன். மாமா சிரிச்சார். "புதுசா வாங்குறவன் பேங்க்குக்கு உழைக்கிறான்டா. இத எடுத்துக்க. வெளியாளுக்குன்னா ரெண்டு லட்சம், உனக்கு 1,40,000."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம். இஎம்ஐ 12,871 ரூபாய். ஏழு வருஷத்துல வட்டி மட்டும் 2,81,000-க்கு மேல. அதாவது நான் கட்டப்போற வட்டியில ரெண்டு பத்மினி வாங்கலாம். மாமா பேச்சுல எந்த ஓட்டையும் தெரியல. வாங்கிட்டேன்.

உங்களுக்கும் இதே கணக்குதான் மனசுல ஓடுதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு தப்பில்ல, ஆனா பாதிக் கணக்கு. காரை வாங்குற விலை அதுல இருக்கு, காரை வெச்சுக்கிற விலை இல்ல.

நோட்டுல இருக்கிற 11 மாசம்

பிரேக் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், லைனிங்: 14,500
கார்ப்பரேட்டர், பெட்ரோல் பம்ப் வேலை: 6,200
ரேடியேட்டர், ஹோஸ்: 8,800
டயர் நாலு, பேட்டரி: 21,000
தரைத் தகடு துரு, டிங்கரிங், பெயின்ட்: 27,000
கார் ஒர்க்‌ஷாப்ல நின்ன 31 நாளைக்கு ஆட்டோ, டாக்ஸி: 9,400

மொத்தம் 86,900. மாசத்துக்கு 7,900 ரூபாய்.

இதோட பெட்ரோலைச் சேருங்க. எனக்கு லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைச்சது. இன்னைக்கு இருக்கிற ஒரு சின்னக் கார் 18 கொடுக்குதுன்னு வெச்சுக்குவோம். மாசம் 800 கிலோமீட்டர், பெட்ரோல் கணக்குக்கு வசதியா 100 ரூபாய். பத்மினிக்கு 7,270, சின்னக் காருக்கு 4,440. வித்தியாசம் மாசத்துக்கு 2,830.

7,900-உம் 2,830-உம் சேர்த்தா 10,730. நான் பயந்து ஓடின இஎம்ஐ 12,871. வட்டி இல்லாத கார்னு நினைச்சேன். வட்டியை பேங்க்குக்குப் பதிலா ஒர்க்‌ஷாப்ல கட்டினேன், அவ்வளவுதான்.

"டிங்கரிங், டயர் எல்லாம் ஒரு தடவைச் செலவுதானே ப்ரோ?" நியாயமான கேள்வி. அந்த 48,000-த்தைக் கழிச்சிடலாம். மிச்சம் 38,900, மாசம் சுமார் 3,540. பெட்ரோல் வித்தியாசத்தோட 6,370. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

இன்னொண்ணு, துரு ஒரு தடவையோட நிக்கிற விஷயம் இல்ல. அரியாங்குப்பத்துக்கு ஒரு பக்கம் ஆறு, கிழக்கே கொஞ்சம் போனா கடல். உப்புக்காத்து பழைய தகட்டைச் சும்மா விடாது. கடலோரத்துல இருக்கிற யாரும் பழைய கார் பார்க்கும்போது மேல இருக்கிற பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. மேட்டைத் தூக்கி, கால் வைக்கிற தகட்டைத் தட்டிப் பாருங்க.

பாகமும் கிடைக்கணும், கையும் கிடைக்கணும்

பத்மினி ஃபியட் 1100 வழியில வந்த கார், 1,089 சிசி. கம்பெனி தயாரிப்பை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. அம்பாசிடர் 1950-கள்ல ஆரம்பிச்சு 2014 மே மாசம் உத்தரபாரா ஆலையோட நின்னுது. 2017-ல அந்தப் பெயரையே 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸோட பெஜோ கம்பெனி வாங்கிடுச்சு. நம்ம சென்னையிலயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ கம்பெனியே இல்ல.

அப்போ பாகம்? புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுன்னு சென்னைக்கு அலையணும். கிடைக்கும். ஆனா அதைப் பொருத்தத் தெரிஞ்ச மெக்கானிக்குக்கு வயசு அறுபதுக்கு மேல. அவருக்கு உடம்பு சரியில்லன்னா என் காருக்கும் உடம்பு சரியில்ல. நீங்க ஷிஃப்ட்ல வேலை பார்க்கிறவர்னா, லீவு எடுத்து ஒர்க்‌ஷாப்ல நிக்கிற நாளுக்கும் ஒரு விலை இருக்கு. என் நோட்டுல அதை நான் எழுதவே இல்ல.

பெட்ரோலும் மாறிடுச்சு. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1984-ல போட்ட ரப்பர் ஹோஸும், பம்ப் டயாஃப்ரமும், கேஸ்கெட்டும் அதுக்காகச் செஞ்சது இல்ல. எத்தனால் தாங்குற ரப்பரா பார்த்து மாத்தணும். கசிவு இருக்கான்னு அப்பப்போ பானெட்டைத் திறந்து மோந்து பார்க்கிறது என் வழக்கமாவே ஆயிடுச்சு.

சட்டம் என்ன சொல்லுது?

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. எல்லாப் பழைய காரும் சட்டப்படி 'விண்டேஜ்' இல்ல.

2021-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல விண்டேஜ் வாகனத்துக்குன்னு தனிப் பதிவு கொண்டு வந்தாங்க. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், அசல் வடிவம் மாறியிருக்கக்கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர்ல 'விஏ'ன்னு எழுத்து வரும், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா அந்தப் பதிவு வாங்கின காரை தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்குப் போய்வர, இதுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். குழந்தையை ஸ்கூல்ல விடுறது அந்தப் பட்டியல்ல இல்ல. விண்டேஜ் கார் குடும்பக் கார் ஆகாதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே சட்டம் சொல்லிடுச்சு.

அம்பது வயசு ஆகாத பழைய கார்னா சாதாரணப் பதிவுதான். 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ-ல காரைக் காட்டி ஆர்சி புதுப்பிக்கணும். நான் புதுப்பிச்சப்போ கட்டணம் 5,000. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின கார்களுக்கு அதை 10,000 ஆக்கிட்டாங்க. தாமதமானா மாசத்துக்கு 500 அபராதம் தனி. அதனால கார் விலை பேசுறதுக்கு முன்னாடி ஆர்சி எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க.

இன்சூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டி கட்டாயம், எந்தக் காருக்கும் எடுத்தே ஆகணும். ஆனா உங்க காருக்கு ஆகுற சேதத்துக்கான பாலிசியில கார் மதிப்பை அஞ்சு வருஷம் வரைக்கும்தான் அட்டவணை வெச்சுப் போடுவாங்க. அதுக்கு மேல கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு பண்ணணும். நாப்பது வயசுக் காருக்கு அந்தப் பேச்சு உங்களுக்குச் சாதகமா முடியாது. எனக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் கிடைச்சது.

என்னை நிறுத்தினது பணம் இல்ல

இதையெல்லாம் மீறியும் நான் ஓட்டிக்கிட்டுதான் இருந்தேன். ஆசைப்பட்ட பொருளுக்குச் செலவு பண்றப்போ நாம கணக்கைப் பார்க்க மாட்டோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மாமா வீட்டிலிருந்து டவுனுக்குத் திரும்புறோம். அரியாங்குப்பம் பாலம் தாண்டி முருங்கப்பாக்கம் பக்கம் வர்றப்போ ஒரு ஸ்கூட்டர் குறுக்கே திரும்பிடுச்சு. பிரேக்கை மிதிச்சேன். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது. கார் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போய் நின்னுது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்க்காமலே போயிட்டார்.

பின்னாடி திரும்பிப் பார்த்தேன். என் மனைவி ஒரு கையால முன்சீட்டைத் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. இன்னொரு கையால பொண்ணை நெஞ்சோட அழுத்தியிருந்தாங்க. பொண்ணு அழக்கூட இல்ல. வீட்டுக்கு வந்து இறங்குற வரைக்கும் யாரும் பேசல. இறங்கினப்புறம் அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "இதுல பாப்பாவை எங்க கட்டுறது?"

பதில் இல்ல. பின்சீட்டுல பெல்ட் இல்ல. குழந்தை சீட்டை மாட்ட எதுவும் இல்ல. அடுத்த நாளே மெக்கானிக்கிட்ட "பெல்ட் வெச்சுக் கொடுங்க"ன்னு கேட்டேன். அவர் ஒளிக்காம சொன்னார்: "தம்பி, பெல்ட்டை நான் மாட்டிடுவேன். அதைப் பிடிச்சு நிக்க வேண்டியது இந்தத் தகடு. நாம ஒட்டுப் போட்ட தகடு."

27,000 ரூபாய் கொடுத்து நான் போட்ட ஒட்டு.

12,871 ரூபாய் இஎம்ஐ-ல நான் எதை வாங்கியிருப்பேன்னு அப்போதான் புரிஞ்சது. நம்ம நாட்டுல 2019-லிருந்து விற்கிற கார்கள்ல ஏபிஎஸ்-உம் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம். 2022-லிருந்து முன்பக்கம் ரெண்டு ஏர்பேக். இதையெல்லாம் நான் விலைப்பட்டியல்ல ஒரு வரியா மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அப்போ என்ன பண்ணலாம்?

என் கருத்தை நேரா சொல்றேன். வீட்டுல இருக்கிற ஒரே கார் பழைய காரா இருக்கக்கூடாது. ரெண்டாவது காரா, ஆசைக்காக, உங்க ஆசை பட்ஜெட்லிருந்து வாங்குங்க, சந்தோஷமா ஓட்டுங்க. அவசர நிதியையும் குழந்தைக்குச் சேர்க்கிற பணத்தையும் அதுக்குத் தொடாதீங்க.

அதுக்காகப் புதுக் கார், ஏழு வருஷக் கடன்னு குதிக்கணுமா? வேண்டாம். நடுவுல ஒரு வழி இருக்கு. 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான, ஒரே கை மாறின ஒரு சின்னக் கார். ஏபிஎஸ், ஏர்பேக், பின்சீட் பெல்ட், முடிஞ்சா குழந்தை சீட்டுக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி, இது இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

விலை 4 லட்சம்னு வெச்சுக்குவோம். 2 லட்சம் சேமிப்பு, 2 லட்சம் கடன். பழைய கார் கடனுக்கு வட்டி அதிகம், 12 சதவீதம்னே போடுவோம். மூணு வருஷத்துக்கு இஎம்ஐ 6,643. மொத்த வட்டி 39,000 சொச்சம்.

மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன நம்பர் 6,370. டயர், டிங்கரிங் எல்லாம் கழிச்சப்புறமும் பத்மினி மாசாமாசம் கேட்ட தொகை. கிட்டத்தட்ட ஒரே பணம். இந்தக் காருக்கும் சர்வீஸ், இன்சூரன்ஸ் செலவு உண்டு, மறைக்கல. ஆனா இஎம்ஐ 36 மாசத்துல முடியும். பத்மினியோட செலவு முடியாது.

அந்த 2 லட்சம் கையில இல்லையா? அப்போ இப்போதைக்குக் கார் வேண்டாம். பஸ், பைக், தேவைப்படுறப்போ டாக்ஸி. மாசம் 6,500 தனியா போட்டுட்டு வாங்க, ரெண்டரை வருஷத்துல வந்துடும்.

மாமாகிட்ட எப்படிச் சொன்னேன்

கணக்கு நோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். அவர் நோட்டைத் தொடவே இல்ல. "பழசுன்னா எல்லாருக்கும் இளக்காரம்தான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். மூணு வாரம் போன் எடுக்கல. பணத்தைப் பத்தின பதிவுகள்ல இந்தச் செலவை யாரும் எழுதுறதில்ல, ஆனா சொந்தத்துல கார் வாங்கினா இதுவும் விலையில சேரும்.

நாலாவது வாரம் அவரே வந்தார். நான் வாங்கியிருந்த பழைய சின்னக் காரைச் சுத்திப் பார்த்தார். பின்கதவைத் திறந்து பொண்ணோட சீட்டைப் பிடிச்சு ஆட்டினார். அசையல. பெல்ட்டை இழுத்து விட்டுப் பார்த்தார்.

"பாப்பாவைக் கட்ட இடமில்லன்னு முதல்லயே சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பேனே. நீ பணக்கணக்கைக் காட்டினே."

பத்மினி இப்போ மறுபடியும் அவர் ஷெட்லதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி, நோணாங்குப்பம் வரைக்கும் அவரும் நானும் ஒரு ரவுண்டு போறோம். பொண்ணு திண்ணையில நின்னு டாட்டா காட்டுவா. அந்தக் காருக்கு அந்த வேலை சரியா இருக்கு.

நீங்க கார் வாங்கப் போறீங்கன்னா விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி பின்சீட்டுல ஏறி உக்காருங்க. உங்க வீட்டுல அங்க யார் உக்காரப் போறாங்களோ அவங்களை எங்க கட்டுறதுன்னு பாருங்க. இஎம்ஐ கணக்கு அதுக்கப்புறம்.

என் கணக்குல எங்கயாவது தப்பு இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. பழைய காரையே ஒரே காரா வெச்சு நல்லா ஓட்டிக்கிட்டிருக்கிறவங்க இருந்தா உங்க நோட்டையும் காட்டுங்க, அடுத்த வீடியோல சேர்த்துப் பேசுவோம்.