சிங்க் பட்டனை அமுக்கினால் டீஜே இல்லையா?

எலக்ட்ரானிக் இசை ரசிகர்களிடையே ஒரு சண்டை ரொம்ப நாளாக ஓடுகிறது. இசைத்தட்டு சுழற்றுகிறவன்தான் டீஜே, லாப்டாப்பில் சிங்க் பட்டனை அமுக்குகிறவன் எல்லாம் டூப்பு என்று. மும்பையில் இருபது வருஷமாக இந்த இசையைக் கேட்கிறேன். நண்பர்கள் தயவில் மூன்று வகைக் கருவியிலும் கை வைத்துப் பார்த்தாச்சு. அந்த தைரியத்தில் சொல்கிறேன்: சிங்க் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை டீஜே செட் கேட்டால், முதல் ஆறு மாசம் அந்தப் பட்டன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

ஏன்னு சொல்றேன்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, 1972ல் வந்த டர்ன்டேபிள். பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும். அதன் 1979 மாடலில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு ஸ்லைடர் உண்டு. ஓடுகிற பாட்டு நிமிஷத்துக்கு 128 தட்டு, அடுத்தது 124 என்றால் 3.2 சதவீதம் ஏற்றணும். (வட்டிக் கணக்கு போடுகிறவனுக்கு இது ஜுஜுபி!) ஆனால் 128, 124 என்று அந்தப் பெட்டி சொல்லாதே! ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் ஹால் சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் பிசகினாலும் இரண்டு தாளமும் மோதி குதிரை ஓடுகிற சத்தம் வரும். 6 சதவீதம் ஏற்றினால் சுருதியும் அரைக்கட்டை ஏறிவிடும்.

2001ல் பயனியரின் சிடிஜே-1000 வந்தது. சிடியையும் தட்டு மாதிரி கையால் திருப்பலாம், வேகம் மாறினாலும் சுருதியைப் பிடித்து வைக்கலாம். அப்புறம் லாப்டாப்போடு சேர்க்கும் கன்ட்ரோலர்கள். சிங்க் என்று அதில் ஒரு பட்டன், தாளம் தானே சேர்ந்துகொள்ளும்.

எலக்ட்ரானிக் தம்புரா வந்ததால் பாடகர்களுக்கு சங்கீதம் மறந்தா போச்சு? தாளம் சேர்க்கிற வேலை மிச்சமானால், அடுத்து என்ன பாட்டு, கூட்டம் சோர்கிறதா என்று கவனிக்கலாம். இசைத்தட்டு அண்ணன்மார்கள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

பிரச்னை வேறு இடத்தில். சிங்க், பாட்டை அளந்து சம இடைவெளியில் கட்டம் போட்டு வேலை செய்கிறது. மெஷின் தாளத்துக்கு அது கச்சிதம். நம்ம தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் எண்பதுகளின் பாட்டைப் போடச் சொல்வார்களே, அதில் பல மனுஷக் கை வாசித்தவை. சரணத்தில் டிரம்மர் ஒரு இழை முந்துவார், கட்டம் நழுவும், மறுபடி குதிரை! கட்டத்தைத் திருத்த மென்பொருளில் வசதி இருக்கு. எங்கே திருத்துவது என்று காதுதானே சொல்லணும்? அந்தக் காது, பட்டன் இல்லாமல் பழகினால்தான் வரும்.

அதற்கு கிளப்பில் வைக்கிற சிடிஜே-3000 இரண்டும் மிக்சரும் வேண்டாம், அந்தக் காசுக்கு சின்னக் கார் வந்துவிடும். இதற்கெல்லாம் பர்சனல் லோன் போடாதீங்க, வங்கிக்காரனே சொல்றேன். ஆரம்பநிலை கன்ட்ரோலர் போதும். வாங்கும்போது ஹெட்போன் செருகும் ஓட்டை இருக்கிறதா, அடுத்த பாட்டை அதில் மட்டும் தனியாகக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். ரொம்ப மலிவான சிலதில் அது இருக்காது. பெரிய சக்கரமாக இருந்தால் விரலுக்கு சௌகரியம். கலர் கலராக எரிகிற விளக்குகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.