பிரிக்கத் தெரிந்த கை



பங்குனி பிறந்துவிட்டால் போடிநாயக்கனூரில் எதைத் தொட்டாலும் பஞ்சு ஒட்டும். இலவங்காய் வெடிக்கிற மாதம் அது. குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துச் சரிவுகளில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் மரங்களில் காய்கள் மட்டும் தொங்கும். காய் ஊருக்குள் வந்து இறங்கி, ஓடு உடைபட்டு, பஞ்சு வெயிலுக்கு விரிந்ததும் திண்ணை, மின்கம்பி, பிள்ளைகள் தலைமுடி, குழம்புச் சட்டி என்று எல்லா இடத்திலும் ஒரு வெள்ளை இழை வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியூர்க்காரர்களுக்குப் போடி ஏலக்காய் ஊர். ஏல மையம் இங்கே இருக்கிறது, கடைத்தெருவில் வாசனையே வழிகாட்டும், ஆகவே அந்தப் பெயர் நியாயம்தான். ஆனால் எனக்குப் போடி என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது தலையணை.

இது வீட்டுக் கைவேலைச் சிறப்பிதழ். பக்கங்களைப் புரட்டினால் கால்மிதி, துணிப்பை, ஓலைப்பெட்டி, ஊறுகாய் ஜாடிக்கு மூடி என்று நிறைய இருக்கிறது. அதையெல்லாம் படித்துத் திருத்திக்கொண்டிருந்த நாட்களில், என் அம்மாச்சி ஆண்டுக்கு ஒருமுறை செய்த ஒரு வேலை திரும்பத் திரும்ப மனதில் வந்தது. அதைச் சொல்லாமல் இந்த இதழை உங்கள் கையில் தர எனக்கு மனமில்லை.

சித்திரை வெயில் ஏறியதும் அம்மாச்சி வீட்டிலிருக்கிற தலையணை எல்லாவற்றையும் பிரித்துவிடுவாள். கத்தரிக்கோல் எடுக்கமாட்டாள். தையலின் ஒரு முனையைத் தேடி, நகத்தால் கிளப்பி, மெல்ல இழுப்பாள். நூல் அறாமல் முழுசாக வரவேண்டும், ஏனென்றால் திரும்பத் தைக்கப்போவதும் அதே நூலால்தான். அந்த நூல் எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. உர மூட்டை, அரிசி மூட்டை எதுவானாலும் வாயைத் தைத்திருக்கும் நூலுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தையல் இறுகும், சாக்கு கிழிந்தாலும் அவிழாது. மறுமுனையைப் பிடித்தால் சர்ரென்று ஒரே இழுப்பில் மொத்தமும் கழன்று கையோடு வந்துவிடும். சங்கிலித் தையல் அப்படித்தான், கடைசியாகப் போட்ட கண்ணியிலிருந்து மட்டுமே கழலும். அம்மாச்சி அந்த முனையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பாள். உருவிய நூலைக் குச்சியில் சுற்றி அடுக்களை மாடத்தில் வைத்திருப்பாள். பூக்கட்ட, அப்பளக்கட்டைச் சுற்ற, முருங்கைக்காயைக் கட்ட, தலையணை தைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நூல்தான்.

பிரித்த பஞ்சைப் பழைய கொசுவலைக்குள் கொட்டி முடிந்து, மொட்டைமாடியில் போட்டுப் புளிய மிலாறால் தட்டுவாள். ஆண்டு முழுக்கத் தலையின் பாரத்தில் கட்டிதட்டிப்போன பஞ்சு மத்தியானத்துக்குள் உப்பி மேலெழும். நாங்கள் பிள்ளைகள் அதன்மேல் விழப் பார்ப்போம். "அமுக்காத தாயி, அது மூச்சு விடட்டும்" என்பாள்.

இலவம்பஞ்சுக்கும் பருத்திக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பருத்தியில் இழை விதையிலேயே முளைத்திருக்கும், அதைப் பிரித்தெடுக்க அரவை இயந்திரம் வேண்டும். இலவில் இழை வளர்வது காய் ஓட்டின் உட்சுவரில். மிளகளவு கறுப்பு விதைகள் பஞ்சுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், ஒட்டியிருக்காது. ஒரு டிரம்மில் பஞ்சைப் போட்டு, நுனியில் குறுக்குக் குச்சி கட்டிய கம்பை மோர் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டினால் விதை தன் பாரத்தில் அடியில் போய்த் தங்கிவிடும். வீட்டிலேயே, கரண்ட் இல்லாமலே செய்துவிடலாம். இன்னொன்று, இலவம் இழை வழுவழுப்பானது, குட்டையானது. அதை மட்டும் வைத்து நூல் திரிக்க வராது. துணியாக முடியாத பஞ்சு என்பதால்தான் அது மெத்தைக்கும் தலையணைக்கும் வந்து சேர்ந்தது. விதையில் எண்ணெய் எடுக்கலாம், பிண்ணாக்கு மிஞ்சும், ஓடு அடுப்புக்குப் போகும். இலவு காத்த கிளி என்று பழமொழி சொல்லி அந்தக் கிளிக்காகப் பரிதாபப்படுகிறோம். பழம் கேட்டுக் காத்திருந்த கிளி ஏமாந்தது உண்மைதான். எங்கள் ஊர்ப் பெண்கள் பஞ்சு கேட்டுக் காத்திருந்தார்கள், அவர்களை அந்த மரம் ஏமாற்றியதில்லை.

அந்த இழை உள்ளே குழலாக இருக்கும், மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கும். அதனால் தண்ணீரை உறிஞ்சாது, மிதக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல் மாலுமிகளின் உயிர்காப்பு உடுப்புக்குள் இருந்தது இலவம்பஞ்சுதான். அன்று உலகத்துக்குப் பெரும்பகுதி பஞ்சு ஜாவாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1942ல் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றது. என்ன செய்தார்கள் தெரியுமா? நம்மூர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி அங்கே வேலியோரங்களில் தானாக வளரும், எருக்கங்காய் மாதிரியே வெடித்துப் பஞ்சு பறக்கும். 1944ல் பள்ளிப் பிள்ளைகள் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு வயற்காடுகளில் அந்தக் காய்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். களையென்று பிடுங்கி எறிந்த செடி, கடலில் விழுந்த ஒருவரைத் தாங்கிப் பிடிக்கிற பஞ்சானது. இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு அம்மாச்சியின் மொட்டைமாடிதான் கண்முன் வந்தது.

பிரித்துத் திரும்பச் சேர்க்கிற அம்மாச்சியின் புத்தி, மலைக்கு மேலே போனால் வேறு உருவத்தில் இருக்கும். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. விடியுமுன்னே ஜீப்களில் ஏறி எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த வழியாகத்தான் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். ஏலச்செடியில் காய் உச்சியில் காய்க்காது. தூர்ப் பக்கத்திலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். குனிந்தும் உட்கார்ந்தும்தான் எடுக்கவேண்டும், அதுவும் மழையில், சேற்றில், அட்டைக்கு நடுவில். அதற்குத் தலைமேல் போடுவது கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துச் செருகினால் தலைக்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரு கூடு ஆகிவிடும். கத்தரி வேண்டாம், ஊசி வேண்டாம். வேலை முடிந்து உதறி விரித்தால் திரும்பவும் சாக்கு. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் தாள் வந்துவிட்டது, ஆனாலும் மடிப்பு அதேதான். பழைய வேட்டித் துண்டில் உப்பும் புகையிலையும் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள், அட்டை கடித்தால் அந்த முடிச்சால் ஒரு ஒற்று. ஒரு துண்டுத் துணியை முறுக்கி வட்டமாக்கினால் சும்மாடு. பாரம் இறக்கியதும் அதே துணியால் முகம் துடைத்துக்கொள்ளலாம். பழைய சேலை விட்டத்தில் தொங்கினால் தூளி, பிள்ளை வளர்ந்துவிட்டால் அது திரும்பச் சேலை.

இவற்றை யாரும் கைவினைப் பொருள் என்று கண்காட்சியில் வைக்கமாட்டார்கள், வைத்தாலும் வெறும் சாக்கும் துணியும்தான் தெரியும். என்னைக் கேட்டால் வீட்டுக் கைவேலையின் உச்சம் அதுதான். செய்த பொருளைக் குலைத்து, பழைய பொருளாகவே திரும்ப வாங்கிக்கொள்ள முடிகிறது.

கோயில் வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தால் ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை கோத்துச் சாத்துவார்கள். பிரசாதமாகக் கைக்கு வந்தால் நூலை உருவிவிட்டு, காயைப் பாயசத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். தட்டிய காயின் தோலும் வீணில்லை, தேயிலை டப்பாவில் போட்டால் ஒரு மாதத்துக்கு வாசனை.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். இந்தச் சிறப்பிதழுக்கு வந்த குறிப்புகளில் பாதிக்கும் மேல் பசையில் ஒட்டுகிற வேலை. பழைய பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்து, கண்ணாடித் துண்டு ஒட்டி, ஜிகினா தூவி அலமாரியில் வைப்பது. அனுப்பியவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன், அழகானவையும் அவற்றில் இருந்தன. ஆனால் அந்தப் பாட்டில் இனி பாட்டிலாகாது. எண்ணெய் ஊற்ற முடியாது, பழைய பாட்டில் வாங்குகிறவரும் எடுக்கமாட்டார், அலமாரியில் தூசி ஏறியதும் குப்பைக்குத்தான் போகும். அதற்கென்று கடையில் வாங்கிய பசையும் பெயின்டும் வேறு. அதனால் இந்த முறை தேர்வுக்கு ஒரே ஒரு அளவுகோல் வைத்தோம்: ஓராண்டு கழித்து அதைப் பிரிக்க முடியுமா? முடியாதவற்றை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்கிவிட்டோம். உங்கள் குறிப்பு வரவில்லையென்றால் காரணம் இதுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன சித்திரையில் நான் போடிக்குப் போயிருந்தேன். மதுரையிலிருந்து போடிக்கு 1928ல் வந்த ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நின்றது. பிறகு 2023 ஜூனில்தான் போடி ஸ்டேஷனுக்குத் திரும்ப ரயில் வந்தது. சென்னையிலிருந்து ராத்திரி ஏறினால் காலையில் மலையைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். பையோடு ஒரு தலையணையும் கொண்டுபோனேன். கல்யாணமாகி வந்தபோது அம்மா கொண்டுவந்தது, அம்மாச்சி அடைத்தது. பட்டணத்துக்கு வந்தபின் யாரும் அதைப் பிரிக்கவேயில்லை, கல்லாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பாஞ்சு தலையணை வாங்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் ஒருநாள் சரி என்று சொல்லிவிட்டேன், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மாமா வீட்டு அத்தை அதை வாங்கி மடியில் வைத்து ஒரு மூலையைத் தடவிப் பார்த்தார். "சாக்கு நூலு. உங்க அம்மாச்சி தையலு இது" என்றார். முனையைக் கண்டுபிடிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று, அத்தை எடுத்துத் தரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அது அகப்பட்டு, இழுத்ததும் முழுத் தையலும் ஒரே இழையாக வந்தது. உள்ளே பஞ்சு பழுப்பேறி, கட்டி கட்டியாக இருந்தது. மோந்து பார்த்தேன், முக்கல் நாற்றம் இல்லை. வெயிலில் போட்டுத் தட்டியதில் பாதிக்கு மேல் உயிர் பிழைத்தது, தூளாய்ப்போனதைக் கழித்தோம். "புதுசக் கொஞ்சம் சேத்தா இன்னும் பத்து வருசம் ஓடும்டி" என்று அத்தை கடைத்தெருவிலிருந்து அரைக்கிலோ வாங்கிவரச் சொன்னார். பழசையும் புதுசையும் கலந்து அடைத்தபோது எது எதுவென்று தெரியவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு தலையணைக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ பஞ்சும், நெருக்கமாக நெய்த மெத்தைத் துணி ஒரு மீட்டரும் போதும். துணி இளசாக இருந்தால் இழை வெளியே வந்துகொண்டே இருக்கும். மூன்று பக்கத்தையும் உட்புறமாக இரட்டைத் தையல் போட்டுவிட்டு, நாலாவது பக்கத்தை மட்டும் கையால், பெரிய தையலாக, பிரிக்கத் தோதாகத் தையுங்கள். முதலில் மூலைகளை அடைத்துவிட்டுப் பிறகு நடுவுக்கு வாருங்கள். பஞ்சைத் துவைக்கக்கூடாது, வெயில் காட்டினால் போதும். வேலை செய்யும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரவேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. இலவம்பஞ்சில் பொறி விழுந்தால் அணைக்க நேரம் இருக்காது.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புதிதாகச் செய்ததைப் பற்றி இப்போதைக்கு எழுதவேண்டாம். உங்கள் வீட்டில் பல காலமாகப் பிரிக்கப்படாமல் கிடக்கும் தலையணையோ மெத்தையோ, கயிறு தொய்ந்த கட்டிலோ, எதுவானாலும் ஒன்றைப் பிரியுங்கள். உள்ளே என்ன இருந்தது, யார் தைத்தது, எவ்வளவு மிஞ்சியது, திரும்பச் சேர்க்க எத்தனை முழக் கயிறோ துணியோ பிடித்தது, எத்தனை நாழி ஆயிற்று, இவ்வளவும் எழுதுங்கள். சித்திரை முடிவதற்குள் எழுதினால் நல்லது, அதற்குப் பிறகு மேற்கே மேகம் கூடிவிடும், பஞ்சு காயாது.

அன்புடன்,
ஆசிரியர்