விழுங்கும்போது தடையா?

உண்ட சோறு நெஞ்சிலே தடைப்படுகிறதென்று வீட்டிலுள்ள முதியவர் கூறினால் நாம் யாது செய்கிறோம்? சோற்றைக் குழைத்துக் கொடுக்கிறோம். சில கிழமைகளின் பின் கஞ்சி வார்க்கிறோம். அன்பினாற் செய்யும் இவ்வுதவியே நோயை மறைக்குந் திரையாகிவிடலாம்.

களம் எனப்படும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சதமமீற்றர் நீளமுடையது. விரிந்து கொடுக்கும் இயல்பினது. ஆதலின் அதனுள்ளே புற்றுநோய் பெரிதும் வளர்ந்த பின்னரே தடை புலப்படுகிறது. திண்ணிய உணவிலே தொடங்குந் தடை நாளடைவில் நீராகாரத்தையும் பற்றும், உடலும் மெலியும்.

புகைத்தலும் மதுவும் இந்நோய்க்குக் காரணங்களாம். இரண்டுஞ் சேரின் ஆபத்து மிகும். மங்கலப் பொருளென நாம் போற்றும் வெற்றிலை பாக்கும், புகையிலை கலவாதவிடத்துங்கூட, மெல்லுவோர்க்கு இந்நோயை விளைவிக்குமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு கண்டுள்ளது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலே பருகும் பானங்களும் தீங்காகக்கூடுமென 2016இல் அது அறிவித்தது. தேநீரை ஆற்றிப் பருகுதல் நன்று.

தடை யாவும் புற்றுநோயன்று. எனினும் எதுவென அறியாது கஞ்சியோடு காலங்கழித்தல் தகாது. உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் அரசாங்கப் புற்றுநோய் வைத்தியசாலைகள் உள்ளன.

நோயுற்றவரைப் பழைய பழக்கத்தைச் சொல்லிக் கடிந்துகொள்ளாதிருப்போம். அச்சத்திலே வைத்தியர் கூறுவன பாதியும் காதில் விழா. மாணவர்களே, ஒரு கொப்பியுடன் நீங்கள் உடன் சென்று அவற்றைக் குறித்துக்கொள்ளலாம். தனியே செல்ல விடாமையே முதலாவது உதவி.